டிஎன்ஏ நானோ பொம்மையும் செல் சவ்வும்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

டிஎன்ஏவ மடிச்சு சின்னச் சின்ன உருவம் செஞ்சு அத செல் சவ்வு மேல விட்டு என்ன ஆகுதுன்னு பாக்குறதுதான் என் வேல. லேப்ல புதுசா சேர்ற ஜூனியர்ஸ், செமினார்ல பக்கத்துல உக்காந்தவங்க, கல்யாண வீட்டுல பந்திக்கு காத்திருக்குற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்லி வாய் வலிக்குது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சுட்டேன்.

ஏம்மா, டிஎன்ஏன்னா அப்பா மூக்கு பிள்ளைக்கு வர்ற சமாச்சாரம்தானே, அத வெச்சு பொருள் எப்படி செய்வீங்க?

அதே டிஎன்ஏதான் சித்தப்பா. ஆனா நாங்க அதுல இருக்குற தகவல கண்டுக்கிறதே இல்ல, அத ஒரு நூலா மட்டும் பாக்குறோம். அதுல ஏ, டி, ஜி, சி-னு நாலு எழுத்து; ஏ-க்கு டி, ஜி-க்கு சி, இந்த ஜோடி மாறவே மாறாது, அதனால எந்த நூல் எங்க போயி ஒட்டணும்னு நாமளே எழுத்துல எழுதி வெச்சுடலாம். இந்த யோசனைய 1982-லயே நெட் சீமன் எழுதிட்டாரு. 2006-ல அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல பால் ரோத்மண்ட் அத ரொம்ப சுலபமாக்கினாரு: எம்13-னு பாக்டீரியாவத் தாக்குற ஒரு வைரஸோட ஒத்த இழை டிஎன்ஏ, 7249 எழுத்து நீளம், அத ஒரு நீள நூலா எடுத்துக்கிட்டு இருநூறு சொச்சம் குட்டி இழைகள ஸ்டேப்ளர் பின் மாதிரி அங்கங்க குத்தி மடிச்சாரு. எல்லாத்தையும் மக்னீசியம் உப்போட ஒரே டியூப்ல போட்டு சூடாக்கி மெதுவா ஆற விட்டா தானா மடிஞ்சுக்கும். அவரு செஞ்ச சிரிச்ச மூஞ்சி சுமார் 100 நானோமீட்டர் அகலம். இதுக்குத்தான் டிஎன்ஏ ஓரிகாமின்னு பேரு.

செல் சவ்வுன்னா செல்லச் சுத்தி இருக்குற தோல், அவ்வளவுதானே?

தோல்னு நெனச்சா கெட்டியா, அசையாம இருக்குறதா தோணும். நெசத்துல அது ரெண்டே மூலக்கூறு தடிமன்ல ஒரு எண்ணெய்ப் படலம், மொத்தமே நாலஞ்சு நானோமீட்டர். லிப்பிட்னு சொல்ற அந்தக் கொழுப்பு மூலக்கூறுக்கு தல தண்ணிய விரும்பும், வால் தண்ணியக் கண்டா ஓடும், அதனால ரெண்டு வரிச லிப்பிட் வாலோட வால் பாத்து நிக்குது. நடுவுல எண்ணெய், ரெண்டு பக்கமும் தண்ணி. அந்தப் படலத்துக்குள்ள எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு லிப்பிட் பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டு எங்க வேணா போகும், ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு குட்டிக்கரணம் அடிக்கிறது மட்டும் ரொம்ப அபூர்வம். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கேள்விக்கு வேணும்.

உண்மையான செல்லுல இதுக்கு மேல சர்க்கரச் சங்கிலிகள் ஒரு புதர் மாதிரி மொளச்சு நிக்கும், நடுநடுவுல புரோட்டீன் செருகி இருக்கும். லேப்ல நாங்க செய்ற செயற்கை சவ்வுல இந்தப் புதர் கிடையாது. பாதிப் பேரோட ஏமாற்றம் இங்கதான் ஆரம்பிக்குது.

டிஎன்ஏ தண்ணியில கரையுது, சவ்வு உள்ள எண்ணெய். தாமரை இலையும் தண்ணியும் மாதிரி, எப்படி ஒட்டும்?

ஒட்டாது. கேள்வி சரியான கேள்வி. ஒவ்வொரு ஜோடி எழுத்துக்கும் ரெண்டு நெகட்டிவ் சார்ஜ், அவ்வளவு சார்ஜோட எண்ணெய்க்குள்ள போறதுக்கு டிஎன்ஏவுக்கு எந்த ஆசையும் இல்ல. அதனால ஒரு நங்கூரம் கட்டி விடுறோம்: சில இழைகளோட முனையில கொலஸ்ட்ரால் கோத்து ஆர்டர் பண்ணி வாங்குறோம். ஆமா, டாக்டர் கொறைக்கச் சொல்ற அதே கொலஸ்ட்ரால்தான், அது ஏற்கனவே சவ்வுல வாழ்ற ஆளு, அதனால நேரா எண்ணெய்க்குள்ள போயி உக்காந்துக்கும், டிஎன்ஏ மேல மிதக்கும். போர்ஃபிரின், டோக்கோஃபெரால்னு வேற நங்கூரங்களும் உண்டு, ஆனா லேப்ல அதிகமா ஓடுறது கொலஸ்ட்ரால்தான்.

அப்போ கொலஸ்ட்ரால் இல்லாம ஒட்டவே ஒட்டாதா? என் சாம்பிள்ல ஒட்டுச்சே அக்கா!

ஒட்டிருக்கும், நம்புறேன். உன் பஃபர்ல, அதான் சாம்பிள் மிதக்குற உப்புக் கரைசல்ல, எவ்வளவு மக்னீசியம் போட்ட? ஓரிகாமிக்குன்னு வழக்கமா 10 மில்லிமோலார் செறிவுக்கு மேல போடுறோம், அந்த மக்னீசியம் ரெண்டு பாசிட்டிவ் கையோட ஒரு கையால டிஎன்ஏவுல நெகட்டிவ் சார்ஜ் சுமக்குற பாஸ்பேட்டையும் இன்னொரு கையால லிப்பிட் தலையில இருக்குற பாஸ்பேட்டையும் பிடிச்சு நடுவுல பாலம் போட்டுடும். கால்சியமும் இதச் செய்யும், சோடியத்துக்கு ஒரே கை, அதனால அது பாலம் போடாது, நெறைய ஊத்துனா இருக்குற பாலத்தையும் பிரிச்சு விட்டுடும். லிப்பிட் உறஞ்சு கெட்டியா இருக்குற நிலைமையில இந்த உப்புப் பாலம் நல்லா பிடிக்கும், இளகி ஓடுற நிலைமையில பிடி தளரும்.

அதனால கொலஸ்ட்ரால் இல்லாத ஓரிகாமி ஒட்டிக்கிட்டா அதிசயம் இல்ல, ஆனா கொலஸ்ட்ரால் இருக்குறதும் உப்பாலதான் ஒட்டுச்சோன்னு சந்தேகம் வந்துடும். கொலஸ்ட்ரால் இல்லாத அதே ஓரிகாமிய, அதே பஃபர்ல, அதே நாள்ல பக்கத்துலயே ஓட்டு. ஒப்பிட்டுப் பாக்குற இந்த ஒரு கண்ட்ரோல் இல்லாம படத்த எடுத்துக்கிட்டு என்கிட்ட வராத.

கொலஸ்ட்ரால் ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு பத்துன்னு போட்டா இன்னும் நல்லா ஒட்டும்தானே?

எல்லாரும் முதல் வாரத்துல இதத்தான் பண்றாங்க, நானும் பண்ணேன். கொலஸ்ட்ராலுக்கு தண்ணி பிடிக்காது இல்லையா, சவ்வு கிடைக்கிறதுக்கு முன்னாடியே இன்னொரு ஓரிகாமியோட கொலஸ்ட்ரால் கிடைச்சா அதோட கட்டிப்பிடிச்சுக்கும். ஜெல்லுல (கரண்ட் விட்டு டிஎன்ஏவ சைஸ் வாரியா பிரிக்கிற கூழ்ல) ஓட்டிப் பாத்தா பட்டை கீழ எறங்காது, சாம்பிள் ஊத்துன பள்ளத்துலயே அசடு வழிஞ்சுக்கிட்டு பளிச்சுனு நிக்கும், அதப் பாத்தாலே வயித்தெரிச்சலா இருக்கும்.

மூணு விஷயம் பண்ணலாம். கொலஸ்ட்ரால் இழைய கலக்குறதுக்கு முன்னாடி 60 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் சூடு பண்ணுங்க. கொலஸ்ட்ரால உருவம் மடிஞ்சு முடிஞ்ச பிறகு கடைசியா சேருங்க. கொலஸ்ட்ராலுக்குப் பக்கத்துலயே கொஞ்சம் ஒத்த இழை டிஎன்ஏவ வாலாட்டம் தொங்க விடுங்க, அது குடை மாதிரி கொலஸ்ட்ரால மறச்சு நிக்கும், சவ்வுகிட்ட வந்ததும் ஒதுங்கி வழி விடும். நங்கூரம் எத்தனைங்கிறதோட அது எந்த எடத்துல இருக்குங்கிறதும் முக்கியம், எல்லாத்தையும் ஒரு மூலையில வெச்சா உருவம் படுக்காம நட்டுக்குத்தலா நிக்கும்.

இத்தனூண்டு சாமான் ஒட்டுச்சா இல்லையான்னு கண்ணால எப்படிப் பாக்குறீங்க?

ஓரிகாமிய ஒண்ணொண்ணா சாதா மைக்ரோஸ்கோப்ல பாக்க முடியாது, ஆனா கூட்டமா ஒட்டுனா தெரியும். அதுக்கு பெரிய லிப்பிட் குமிழி செய்றோம், பத்து இருபது மைக்ரான் அகலம். கண்ணாடி மேல லிப்பிட்ட தடவி காய வெச்சு, சர்க்கரத் தண்ணி ஊத்தி மெல்லிசா கரண்ட் விட்டா சோப்பு நுரை மாதிரி குமிழி குமிழியா எழும்பும். உள்ள சுக்ரோஸ், வெளிய குளுக்கோஸ். ரெண்டும் ஒரே செறிவுதான், ஆனா சுக்ரோஸ் கனம், அதனால குமிழி அடியில போயி உக்காரும், போட்டோ எடுக்க வசதி. சவ்வுக்கு சிவப்பு சாயம், ஓரிகாமிக்கு பச்சை. கான்ஃபோக்கல்ங்கிற சாய ஒளிய பாக்குற மைக்ரோஸ்கோப்ல வெச்சா முதல்ல சிவப்பு வளையம் மட்டும் தெரியும், சுத்தி பச்சை மூட்டம். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் போக போக அந்த மூட்டம் மெல்ல மெல்ல வளையத்துல வந்து படியும், கடைசியில வளையம் மஞ்சளா மாறும். எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கல.

ஒரு தடவ வெளிய ஊத்துன பஃபரோட உப்பு சர்க்கரக் கணக்க நான் சரி பாக்கல, உள்ள வெளிய அழுத்தம் ஒத்துப் போகாம குமிழி எல்லாம் சுருங்கி கிழிஞ்சு போச்சு. நானோ "ஆஹா, என் ஓரிகாமி சவ்வையே உடைக்குது"ன்னு ரெண்டு நாள் குதிச்சுக்கிட்டு இருந்தேன். வெறும் பஃபர மட்டும் ஊத்திப் பாத்தப்போ அதுவும் அதேதான் பண்ணுச்சு.

சவ்வுல ஓட்ட போட முடியும்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம். 2012-ல மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஃபிரெட்ரிக் சிம்மல், ஹென்ரிக் டீட்ஸ் குழுவும் கூட்டாளிகளும் ஒரு ஓரிகாமி குழாய் செஞ்சாங்க. குழாயோட நடுவுல 2 நானோமீட்டர் துவாரம், மேல ஒரு தொப்பி, அந்தத் தொப்பியோட அடியில 26 கொலஸ்ட்ரால். தொப்பி சவ்வு மேல உக்காந்ததும் தண்டு உள்ள குத்தி எறங்கிடும். அந்த துவாரம் வழியா அயனி ஓடுற கரண்ட அளந்தே காட்டிட்டாங்க. 2013-ல லண்டன்ல ஸ்டெஃபான் ஹோவோர்கா குழு இதவிட ரொம்பச் சின்னதா, ஆறே டிஎன்ஏ சுருள ஒரு கட்டாக் கட்டி துவாரம் போட்டாங்க. அவங்களோட ஒரு வடிவத்துல கொலஸ்ட்ராலே இல்ல, சவ்வுக்குள்ள போற பகுதியில பாஸ்பேட்டோட சார்ஜையே ஈத்தைல் குழுவால மூடிட்டாங்க, நெகட்டிவ் சார்ஜுக்கு போர்வை போத்துன மாதிரி. அப்புறம் 2016-ல கதவு வெச்சதும் வந்துச்சு: ஒரு டிஎன்ஏ இழை பூட்டா அடச்சிருக்கும், சரியான சாவி இழை வந்தா மட்டும் தொறக்கும்.

பெரிய துவாரம்னா கதை மாறுது. 30 நானோமீட்டர் அகலத்துல வளையம் செஞ்சா அது தயாரா இருக்குற சவ்வுல தானா எறங்காது, அவ்வளவு பெரிய எடத்துல லிப்பிட்ட ஒதுக்கித் தள்ள ஆகுற செலவு ரொம்ப அதிகம். அதனால சவ்வு உருவாகும்போதே வளையத்தையும் சேத்து வெச்சு குமிழி கட்டுறாங்க. சுவர் எழுப்பும்போதே ஜன்னல் சட்டத்த நட்டு வைக்கிற மாதிரி.

குழாய் நடுவுலதான் ஓட்ட. ஆனா குழாயோட வெளிப்பக்கம் டிஎன்ஏ, அதத் தொட்டுக்கிட்டு எண்ணெய். அங்க என்ன ஆகும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கேட்டது ஒரு எம்எஸ்சி பையன். அந்த ஓரத்துல லிப்பிட் நிமிந்து நிக்காது. டிஎன்ஏவோட சார்ஜ் வாலுக்குப் பிடிக்காதுங்கிறதால தலைங்க எல்லாம் டிஎன்ஏ பக்கம் திரும்பி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் வளஞ்சு ஒண்ணா சேந்துடும். வடையோட ஓட்டைய நெனச்சுக்கோங்க, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்வளைவுல ஒரே பரப்பா ஆகுதுல்ல, அதே மாதிரி. இந்த வளைவுக்கும் டிஎன்ஏவுக்கும் நடுவுல கொஞ்சம் தண்ணியும் நிக்கும், அது வழியாவும் அயனி போகும். 2016-ல கேம்பிரிட்ஜ்ல உல்ரிக் கெய்சர் குழு நடுவுல துவாரமே இல்லாத ஒத்த டிஎன்ஏ சுருள சவ்வுக்குள்ள குத்துனாங்க, அப்பவும் கரண்ட் ஓடுச்சு! ஓட்டையே இல்லாத ஓட்ட.

இப்போ ரெண்டாவது கேள்வியில சொன்ன குட்டிக்கரணத்துக்கு வருவோம். மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேந்துட்டா லிப்பிட்டுக்கு குட்டிக்கரணமே தேவையில்ல, வழுக்கிக்கிட்டே அந்தப் பக்கம் போயிடலாம். 2018-ல அதே கேம்பிரிட்ஜ் குழுவும் இலினாய்ஸ்ல அலெக்சி அக்சிமென்டியேவும் சேந்து இதையே ஒரு செயற்கை என்சைம்னு காட்டுனாங்க. நொடிக்கு ஒரு கோடிக்கு மேல லிப்பிட்ட இடம் மாத்துது, இயற்கையில இதே வேலையச் செய்ற புரோட்டீன்கள விட ஆயிரம் மடங்கு வேகம். உள்பக்கமா இருக்க வேண்டிய ஒரு வகை லிப்பிட் வெளிய தெரிஞ்சா செல் சாகப் போறதுக்கான அடையாளம், அதனால இத வெச்சு வேண்டாத செல்ல சாக வைக்கலாமான்னு ஒரு யோசனை ஓடுது. சும்மா துவாரம் போட வந்தவங்களும் தெரியாமலே இத பண்ணிக்கிட்டு இருந்திருக்கலாம், அதான் இதுல வேடிக்கை.

சவ்வ வளைக்கவும் முடியுமா?

முடியும். செல்லுக்குள்ள வாழப்பழ வடிவத்துல சில புரோட்டீன் சவ்வு மேல படுத்து அத வளைக்குது, அதப் பாத்து ஜெர்மனியில பெட்ரா ஷ்வில்லே குழு வளஞ்ச ஓரிகாமி செஞ்சாங்க, நெறைய ஒட்டுனதும் குமிழியிலேர்ந்து குழாய் குழாயா இழுத்துச்சு. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல சென்ஷியாங் லின் குழு ஓரிகாமி வளையத்துக்குள்ள லிப்பிட்ட வளர வெச்சு, சொன்ன சைஸ்ல குமிழி வார்த்தாங்க.

உசுரோட இருக்குற செல்லுக்குள்ள தானா போகுமா, இல்ல தள்ளி விடணுமா?

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. வீட்டு வாசல்ல நிக்கிறது வேற, திண்ணையில உக்காருறது வேற, அடுக்களைக்குள்ள போறது வேற. சவ்வுல ஒட்டுறது வாசல். செல் தன் சவ்வையே பை மாதிரி குழிச்சு அதோட சேத்து விழுங்குனா அது திண்ணை, அந்தப் பைக்கு எண்டோசோம்னு பேரு, வீட்டு எல்லைக்குள்ள வந்தாச்சு ஆனா நடுவுல இன்னும் ஒரு சவ்வுச் சுவர் இருக்கு. செல்லோட உள் கூழான சைட்டோபிளாசத்துக்குள்ள போனாத்தான் அடுக்களை. டிஎன்ஏ நானோ பொருள் பெரும்பாலும் திண்ணையோட சரி, அங்கேர்ந்து செல்லோட செரிமானப் பையான லைசோசோமுக்குப் போயி செரிச்சுப் போயிடும்.

விழுங்குறதும் எல்லா செல்லும் ஒரே மாதிரி பண்ணாது. மேக்ரோஃபேஜ் மாதிரி குப்பை பொறுக்குற செல்கள்ல நெகட்டிவ் சார்ஜ் சாமானப் பிடிக்கிற ஸ்கேவெஞ்சர் ரிசெப்டர் (ரிசெப்டர்னா செல் மேல கை மாதிரி இருக்குற புரோட்டீன்) நெறைய இருக்கும், அது டிஎன்ஏவ கண்டா விடாது. மத்த செல் சோம்பேறி. உருவமும் கணக்குல வருது, நீட்டி மெலிஞ்ச கம்பிய விட கட்டிக் கட்டியா அடக்கமா இருக்குற உருவம் நல்லா உள்ள போகுது.

கொலஸ்ட்ரால் போட்டா? செயற்கைக் குமிழியில பட்டுனு ஒட்டுனது, செல்லுல அவ்வளவு சுலபமா ஒட்டாது. முன்ன சொன்ன சர்க்கரப் புதர் வழி மறிக்கும், சீரத்துல (ரத்தத்தோட தெளிஞ்ச நீர்ல) இருக்குற ஆல்புமின்ங்கிற புரோட்டீன் கொலஸ்ட்ரால நடுவழியிலயே கவ்விக்கும்.

படத்துல செல்லு முழுக்க பளபளன்னு இருக்கே, அப்புறம் என்ன உள்ள போகலங்கிறீங்க?

பளபளக்கிறது சாயம். ஓரிகாமி இல்ல. இத தனியா எழுதி ஒட்டி வைக்கணும். 2019-ல கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல ஹனாடி ஸ்லீமன் குழு இதப் பத்தி ஒரு எச்சரிக்கை மாதிரியே கட்டுரை எழுதுனாங்க: டிஎன்ஏ வெளியிலயே நியூக்ளியேஸ்ங்கிற டிஎன்ஏ வெட்டுற என்சைமால வெட்டுப்பட்டு, சாயம் மட்டும் ஒரு பாஸ்பேட் துண்டோட கழண்டு, அந்தத் துண்டு தானா செல்லுக்குள்ள போயி அழகா மின்னுது. நாமதான் மொத்த உருவமும் உள்ள போச்சுன்னு கைதட்டிக்கிட்டு இருக்கோம். அந்தக் கட்டுரை வந்ததுக்கு முன்னாடி வந்த எத்தனையோ படங்கள இன்னைக்கு பாக்கும்போது எனக்கு கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

உடம்புக்குள்ள உடைஞ்சுடுதுன்னா பாதுகாக்க வழியே இல்லையா?

ரெண்டு எதிரி. ஒண்ணு உப்பு குறைவு: செல் வளக்குற மீடியத்துல மக்னீசியம் ஒரு மில்லிமோலார் கூட வராது, நெருக்கமா கட்டுன உருவம் அதுல பிரிஞ்சுடும். ஆனா எல்லா உருவமும் பிரியாது, மக்னீசியத்த பிடுங்குற ஈடிடிஏங்கிற ரசாயனம், பாஸ்பேட் எல்லாம் இல்லாம இருந்தா சிலது ரொம்ப குறஞ்ச உப்புலயும் தாக்குப் பிடிக்கும். இன்னொரு எதிரி நியூக்ளியேஸ்.

2017-ல ஹார்வர்ட்ல வில்லியம் ஷி குழு பாசிட்டிவ் சார்ஜ் உள்ள லைசின் சங்கிலிய மேல பூசுனாங்க, பத்து மடங்கு வரைக்கும் தாங்குச்சு, அதோட பெக்-ங்கிற பாலிமரையும் கோத்தப்போ சீரம் நியூக்ளியேஸுக்கு எதிரா ஆயிரம் மடங்கு வரைக்கும். அதே குழு அதுக்கு முன்னாடி 2014-லயே ஓரிகாமி எண்முகிக்கு வைரஸ் மாதிரி லிப்பிட் சட்டையே மாட்டி விட்டாங்க. ஆனா பூச்சு போட்டா சார்ஜ் மாறும், சார்ஜ் மாறுனா சவ்வோட பழகுற விதமே மாறும். பூச்சு இல்லாம எடுத்த அளவ பூச்சு போட்டதுக்கு சொல்ல முடியாது.

திண்ணையோட நிக்கிறதுக்கு இவ்வளவு பாடா? அதனால என்ன பிரயோஜனம்?

திண்ணையிலயே வேல இருக்கு. யமுனா கிருஷ்ணன், சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க, பெங்களூரு என்சிபிஎஸ் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்தப்போ 2009-ல ஐ-ஸ்விட்ச்னு ஒண்ணு செஞ்சாங்க. அமிலம் ஏறுனா மடங்கிக்கிற டிஎன்ஏ கருவி, மடங்குனா நிறம் மாறும். பழ ஈயோட ரத்த செல்கள் அத தானா விழுங்குச்சு, எண்டோசோம் போக போக எப்படி புளிக்குதுன்னு உள்ளேர்ந்தே அளந்து சொல்லிடுச்சு. வெளிய வர முடியலங்கிறத குறையா பாக்காம, போற எடத்துக்கே வேல குடுத்தாங்க பாருங்க, அது கெட்டிக்காரத்தனம்.

வாசல்ல நிக்கிறதுக்கும் வேல உண்டு. ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்ல 2014-ல, செல்லோட ரிசெப்டர்ல போயி ஒட்டுற ரெண்டு எஃப்ரின் புரோட்டீன ஓரிகாமி கம்பியில ஒரு தடவ 43, இன்னொரு தடவ 101 நானோமீட்டர் தூரத்துல வெச்சு மார்பகப் புற்றுநோய் செல்லுகிட்ட காட்டுனாங்க, கிட்ட வெச்சதுக்கு ரிசெப்டர் அதிகமா முழிச்சுக்கிச்சு. 2020-ல எம்ஐடியில எச்ஐவி ஆன்டிஜென (நோய் எதிர்ப்பு செல் அடையாளம் கண்டுக்கிற துண்ட) வைரஸ் சைஸ் உருவத்து மேல வெச்சுப் பாத்தா, அஞ்சே அஞ்சு போதும், ஆனா தள்ளித் தள்ளி வெக்கணும், 25–30 நானோமீட்டர் வரைக்கும் இடைவெளி கூடக் கூட எதிர்ப்பொருள் செய்ற பி செல் இன்னும் நல்லா கிளம்புச்சு. இடைவெளிய இவ்வளவு துல்லியமா வெக்க வேற சாமான் சுலபத்துல கிடைக்காது.

இது என் ஜீனோட கலந்துடாதா? வாட்ஸ்அப்ல என்னென்னமோ வருதே.

அடுக்களைக்கே போகாதது பூஜை ரூமுக்கு எங்க போகும்! ஜீன் இருக்குற நியூக்ளியஸுக்குள்ள போகணும்னா இன்னும் ஒரு சுவர் தாண்டணும். வேணும்னே மரபணுவ ஓரிகாமியா மடிச்சு கொண்டு போறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்க கரண்ட் ஷாக் குடுத்து சவ்வத் தொறந்து, ஜீன வெட்டுற க்ரிஸ்பர் கத்திரியும் கூட அனுப்பித்தான் சேக்குறாங்க. தானா நடக்குற காரியம் இல்ல.

பயப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு: சிஜி-னு வர்ற சில எழுத்து வரிசைய பாத்தா எண்டோசோம்ல இருக்குற டிஎல்ஆர்9-ங்கிற காவல் ரிசெப்டர் "பாக்டீரியா வந்துடுச்சு"ன்னு மணி அடிச்சுடும். எம்13 பாக்டீரியாவ நம்பி வாழ்ற வைரஸுங்கிறதால அதுலயும் இது வரும். தடுப்பூசி செய்றவங்க இத வேணும்னே சேக்குறாங்க, மருந்து கொண்டு போறவங்களுக்கு இது தலவலி.

அக்கா, என் கட்டுரைய சரிபாக்குற ரிவ்யூவர் "உள்ள போச்சுன்னு நிரூபி"ங்கிறாரு, ரெண்டு வாரம்தான் டைம். எதையெல்லாம் ஓட்டணும்?

சாயத்த மட்டும் தனியா போட்டு ஒண்ணு, சாயக் கதை மேலயே இருக்கு. கொலஸ்ட்ரால் இல்லாம ஒண்ணு. 4 டிகிரியில ஒண்ணு, குளிருல செல் விழுங்காது, அப்போ மிச்சம் தெரியுறது வாசல்ல ஒட்டுனது மட்டும். அப்புறம் செல்ல டிஎன்ஏஸ் (டிஎன்ஏ வெட்டுற நியூக்ளியேஸ்) போட்டு கழுவி மறுபடி பாரு, மேல ஒட்டுனது போயிடும். முடிஞ்சா உருவத்தோட ரெண்டு மூலைக்கும் ரெண்டு நிற சாயம் போடு, ரெண்டும் பக்கத்துல இருந்தா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு சக்தி தாவும், உடைஞ்சா தாவாது. இதுக்கு புது இழை ஆர்டர் பண்ணணும், வர நாளாகும், அதனால அத இன்னைக்கே போட்டுடு, மத்தத நாளைக்கு ஆரம்பி.